சிங்கிள் மால்ட் விஸ்கியை ருசித்து எடை போடுவது எப்படி: ஸ்காட்லாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

படிப்புக்கோ வேலைக்கோ கிளாஸ்கோ, எடின்பரோ பக்கம் வந்து இறங்கிய நம்மவர்கள் சீக்கிரமே ஒரு விஸ்கி டேஸ்டிங்கில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். ஆபீஸ் விருந்தாக இருக்கும், இல்லை ஊரிலிருந்து வந்த மச்சானைக் கூட்டிக்கொண்டு போன டிஸ்டில்லரியாக (விஸ்கி வடிக்கும் ஆலை) இருக்கும். பக்கத்தில் இருப்பவர் கிளாஸை மோந்துவிட்டு "ஹெதர், மார்ஸிபன், கிறிஸ்துமஸ் கேக்" என்று அடுக்குவார். நமக்கு ஸ்பிரிட் நெடி மட்டும்தான் ஏறும். நானும் ரொம்ப நாள் சும்மா தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன்தான். அங்கே ஒன்று இங்கே ஒன்றாகத் தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தி எழுதிவிட்டால் அடுத்தவருக்கு அந்தப் பாடு இருக்காது. குடிப்பழக்கம் இல்லாதவர்கள் இதற்காக ஆரம்பிக்க வேண்டியதில்லை. மோந்து பார்ப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

1. அடையாள அட்டை

ஸ்காட்லாந்தில் மது வாங்கும் வயது 18. ஆனால் 25 வயதுக்குக் கீழே தெரிந்தாலே அட்டை கேட்க வேண்டும் என்பது இங்கே சட்டம். நம் முகத்துக்கு முப்பது வயதிலும் கேட்பார்கள், கோபப்பட வேண்டாம். பாஸ்போர்ட் எங்கேயும் செல்லும். கல்லூரி அட்டையை நம்பிப் போகாதீர்கள், நம் ஊர் டிரைவிங் லைசென்ஸையும் நம்பாதீர்கள். முன்பு விசா அட்டையைக் காட்டிக்கொண்டிருந்தோம். இப்போது எல்லாம் இ-விசா ஆகிவிட்டதால் கையில் அட்டையே இல்லை.

பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு திரிய பயமாக இருந்தால், பிரிட்டனின் தற்காலிக டிரைவிங் லைசென்ஸுக்கு ஆன்லைனில் விண்ணப்பியுங்கள். கட்டணம் 34 பவுண்டு. குறைந்தது 185 நாள் இங்கே தங்க அனுமதி இருந்தால் போதும்; கார் ஓட்டத் தெரிய வேண்டும் என்பதில்லை.

கடையில் வாங்குவதென்றால் காலை 10 மணியிலிருந்து இரவு 10 மணி வரைதான். பத்து மணி அடித்து ஒரு நிமிடம் ஆனாலும் சூப்பர் மார்க்கெட் கல்லாவில் பில் போட மாட்டார்கள்.

2. முழு பாட்டில் வாங்காதீர்கள்

புதிதாக வருபவர்கள் விழும் முதல் குழி இது. யாரோ சொன்னார்கள் என்று 60 பவுண்டுக்கு ஒரு பாட்டில் வாங்கி, பிடிக்காமல் போய், கோலா ஊற்றித் தீர்ப்பார்கள். 50 மி.லி. மினியேச்சர்கள் கிடைக்கின்றன. பெயர் பெற்ற பிராண்டுகளில் ஒன்று சுமார் 5 முதல் 8 பவுண்டுக்குள் வரும். மூன்று வாங்குங்கள், மூன்றின் ருசியும் ஒன்றுக்கொன்று தூரத்தில் இருக்கட்டும். என் தேர்வு: கிளென்லிவெட் 12, கிளென்டிரோனாக் 12, லஃப்ராய்க் 10. முதலாவதில் பழமும் பூவும். இரண்டாவது ஷெர்ரி (ஸ்பெயின் ஒயின்) பீப்பாயில் ஊறியது, உலர்பழமும் மசாலாவும் வரும். மூன்றாவது பீட் (சதுப்பு நிலத்தில் வெட்டி எடுத்து எரிக்கும் மக்கிய மண்) புகை போட்ட பார்லியில் செய்தது, ஆஸ்பத்திரி வாடை தூக்கலாக இருக்கும். மூன்றுமே 40 முதல் 43 சதவீதம் என்பதால் ஆல்கஹால் வேறுபாடு குறுக்கே வராது. ஒரே ஒரு விஸ்கியை வைத்துக்கொண்டு யாராலும் எடை போட முடியாது. பக்கத்தில் இன்னொன்று இருந்தால்தான் மூக்குக்கு வித்தியாசம் பிடிபடும்.

பாரில் குடித்துப் பார்ப்பதென்றால் அளவு 25 மி.லி. அல்லது 35 மி.லி.; எது என்று விலைப்பட்டியலில் எழுதியிருக்கும், முதலில் அதைப் பாருங்கள். நம் ஊர் லார்ஜ் 60 மி.லி. என்ற கணக்கில் இருப்பவருக்கு இந்த 25 பார்க்கவே பாவமாக இருக்கும். ருசி பார்க்க அது தாராளம். 10, 12 வருடச் சரக்கு நகரத்து பார்களில் சுமார் 5 முதல் 8 பவுண்டு.

கிளாஸில் கஞ்சத்தனம் வேண்டாம். அடி பருத்து வாய் குறுகிய கிளென்கேர்ன் கிளாஸ் ஒன்று பத்து பவுண்டுக்குள் கிடைக்கும், இரண்டு வாங்குங்கள். ஒரு பாரில் நான் கேட்காமலேயே அகன்ற டம்ளரில் ஐஸ் போட்டு 18 வருடச் சரக்கை நீட்டினார்கள். அதில் மோந்து பார்க்க ஒன்றுமே மிஞ்சவில்லை. ஆர்டர் சொல்லும்போதே "ஐஸ் வேண்டாம், தண்ணீர் தனியாக" என்று சொல்லிவிடுங்கள்.

பெயர் உச்சரிப்பு இன்னொரு தொல்லை. விஸ்கிக்குப் பேர்போன Islay தீவின் பெயர் ஐலா, இஸ்லே அல்ல. புரூக்லாடி, பூனஹாவன், கல்-ஈலா, கிளென் கீரி என்று சொன்னால் பாரில் புரிந்துகொள்வார்கள். தப்பாகச் சொன்னாலும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். விரலால் காட்டினாலும் ஊற்றுவார்கள்.

3. லேபிளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

அவசரப்படாமல் படிக்க வேண்டிய ஒரே ஆவணம் இதுதான். பாட்டிலில் 'சிங்கிள் மால்ட் ஸ்காட்ச் விஸ்கி' என்று போட்டிருந்தால், 2009ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கி விதிகளின்படி அதற்கு உறுதியான அர்த்தம் உண்டு: ஒரே டிஸ்டில்லரி, முளைகட்டிய பார்லி மட்டும், கொப்பரையில் வடித்தது, 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில் ஸ்காட்லாந்திலேயே குறைந்தது 3 வருடம் கிடந்தது, குறைந்தபட்சம் 40% ஆல்கஹால். ஒரே பீப்பாய்ச் சரக்கு என்று அதற்கு அர்த்தமில்லை. அப்படி இருந்தால் 'சிங்கிள் காஸ்க்' என்று தனியாகப் போட்டிருப்பார்கள். 'பிளெண்டட் மால்ட்' என்றால் பல டிஸ்டில்லரிகளின் மால்ட் கலந்தது. அது மட்டம் என்று சொல்லவில்லை, காசு கொடுப்பது எதற்கு என்று தெரிந்து கொடுங்கள்.

வயது என்று போட்டிருக்கும் எண், பாட்டிலில் இருப்பதிலேயே இளையதின் வயது. 12 என்றால் உள்ளே 15 வருடச் சரக்கும் கலந்திருக்கலாம், 11 வருடச் சரக்கு ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது. வயது ஏற ஏற ருசியும் ஏறும் என்று நினைக்காதீர்கள். பீப்பாயில் வருடத்துக்குச் சுமார் 2% ஆவியாகிப் போகிறது, அந்த நஷ்டமும் விலையில் ஏறுகிறது. பழைய பீட் விஸ்கியில் புகை அடங்கிவிடும். புகைக்காக வாங்குபவர் கூடுதல் காசு கொடுத்துக் குறைவான புகையை வாங்கிக்கொண்டு வருவார்.

அடுத்து நிறம். இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். கருஞ்சிவப்பாக இருந்தால் பழையது, கெட்டியானது என்று ஒரு எண்ணம். ஸ்காட்சில் ஈ150ஏ என்ற கருக்கிய சர்க்கரை நிறம் சேர்க்க அனுமதி உண்டு, அதைப் பிரிட்டன் லேபிளில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஜெர்மனியில் விற்கும் பாட்டிலில் நிறம் சேர்த்தது என்று அச்சிட்டே ஆக வேண்டும். இங்கே 'இயற்கை நிறம்' என்று போட்டிருந்தால் மட்டும் நிறத்தை நம்புங்கள். கிளாஸைச் சுழற்றும்போது உள்பக்கம் வழியும் கோடுகளைக் காட்டி விளக்கம் சொல்பவர்கள் இருப்பார்கள். அந்தக் கோடு ஆல்கஹாலின் வேலை, தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

'குளிர் வடிகட்டல் செய்யாதது' என்றும் 46% என்றும் சேர்ந்து வந்தால் நல்ல அறிகுறி. வாயில் எண்ணெய்ப் பதம் கூடுதலாக நிற்கும். டீன்ஸ்டன் 12, பூனஹாவன் 12 இரண்டும் 46.3%, ஆரன் 10 சரியாக 46%. தண்ணீர் விட்டதும் லேசாகக் கலங்கினால் கெட்டுப்போனது என்று பயப்படாதீர்கள். வடிகட்டாமல் விட்ட கொழுப்புச் சேர்மங்கள்தான் அப்படித் தெரிகின்றன.

4. எப்போது, எங்கே

சாப்பாட்டுக்கு முந்தைய நேரம். என்னைக் கேட்டால் சனிக்கிழமை காலை பதினொரு மணி. பிரியாணிக்குப் பிறகு ருசி பார்ப்பது வீண் வேலை. மிளகாய்க்காரம் நாக்கில் இருக்கும்போது 40 சதவீதமும் நெருப்பாகத்தான் இருக்கும். ஒரு மணி நேரம் முன்பிருந்தே காபி, பற்பசை, புதினா மிட்டாய் எதுவும் வேண்டாம்.

நம் வீட்டுக்கென்று சில தடைகள் உண்டு. தாளித்த சமையலறை, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, தலையில் தேங்காய் எண்ணெய், கழுத்தில் சென்ட். எல்லா விஸ்கியிலும் தேங்காய் வாசம் வருகிறது என்று ஒரு நண்பர் பெருமையாகச் சொன்னார். அது அவர் தலையிலிருந்து வந்தது. ஜன்னலைத் திறந்துவைத்த அறையில் உட்காருங்கள். கிளாஸை வெந்நீரில் மட்டும் அலசுங்கள். பாத்திரம் துடைக்கும் துணியால் துடைத்தால் அந்தத் துணியின் வாடைதான் முதலில் மூக்கில் ஏறும், தானாக உலரட்டும்.

ஒரு விஸ்கிக்கு அரை மணி நேரம் வையுங்கள். ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம், அதற்குப் பிறகு மூக்கு கணக்கில் வராது. 25 மி.லி. 40% என்பது ஒரு யூனிட். வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்பது பிரிட்டனின் மருத்துவ அறிவுரை. நான் ஒவ்வொன்றிலும் 15 மி.லி.தான் ஊற்றுவேன்.

5. மூக்கு

ஊற்றி, மேலே ஒரு சிறு தட்டை மூடி, பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். ஒயின் மாதிரி கிளாஸுக்குள் மூக்கை நுழைத்து இழுத்தால் ஆல்கஹால் நெடி மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும், அப்புறம் கால் மணி நேரத்துக்கு ஒன்றும் தெரியாது. கிளாஸைத் தாடைக்கு நேராகப் பிடியுங்கள். வாயை லேசாகத் திறந்துகொண்டு சின்னதாக ஒரு மோப்பம். எடுத்துவிடுங்கள். சட்டைக் கையையோ புறங்கையையோ மோந்து பாருங்கள், மூக்கு பழைய நிலைக்கு வந்துவிடும். மறுபடி, இந்த முறை கொஞ்சம் கிட்டே. ஒரு துவாரம் மாற்றி இன்னொரு துவாரம்.

முதல் சுற்றில் இன்ன பொருள் என்று பெயர் தேடாதீர்கள். எந்தக் குடும்பம் என்று மட்டும் பாருங்கள்: பழமா, தானியமா, பூவா, மரமும் மசாலாவுமா, புகையா, மருந்தா? இரண்டாம் சுற்றில் நெருங்குங்கள். பழம் என்றால் பச்சையா, கனிந்ததா, காய்ந்ததா?

இந்த இடத்தில்தான் நம்மவர்கள் தடுமாறிப் பின்வாங்குகிறார்கள். மார்ஸிபன் சாப்பிட்டே இராதவருக்கு மார்ஸிபன் வாசம் வரவே வராது. அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் மூக்கில் என்ன இருக்கிறதோ அதை எழுதுங்கள். என் நோட்டில் இருப்பவற்றில் சில: நேந்திரம்பழம், பனைவெல்லம், ஊறவைத்த புழுங்கலரிசி, ஓமத்தண்ணீர், மைசூர்பாகு, பேரீச்சம்பழம், அறுத்த மரப் பட்டறை, சுட்ட பனங்கிழங்கு, டிஞ்சர், கருவாட்டுக் கூடை, ஈரச் சாக்கு. லஃப்ராய்க்கைப் பற்றி எந்தக் குறிப்பேட்டையும் விட டிஞ்சரும் கருவாடும் எனக்குச் சரியாகச் சொல்கின்றன.

இவை எல்லாம் கற்பனையும் இல்லை. வாழைப்பழ வாசத்தைத் தரும் எஸ்டர்கள் பார்லிச் சாறு நொதிக்கும்போது பிறக்கின்றன. இலவங்கத்தின் யூஜினால் ஓக் மரத்திலும் இருக்கிறது. வெனிலாவும் தேங்காயும் ஓக்கிலிருந்தே வருகின்றன, முன்பு போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த அமெரிக்க ஓக் பீப்பாயில் அவை அதிகம். ஷெர்ரி பீப்பாய் என்றால் உலர்திராட்சையும் மசாலாவும். முளைகட்டிய பார்லியைப் பீட் புகையில் உலர்த்தும்போது ஏறும் ஃபீனால்கள்தான் அந்த ஆஸ்பத்திரி வாடைக்குக் காரணம்.

இரண்டு எச்சரிக்கை. பக்கத்தில் இருப்பவர் வாயைத் திறக்கும் முன் உங்கள் குறிப்பை எழுதிவிடுங்கள். ஒருவர் "ஆரஞ்சுத் தோல்" என்று சொல்லிவிட்டால் மேஜை முழுக்க ஆரஞ்சு மணக்கும். இன்னொன்று, ஊரை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஐலா என்றால் புகை என்பார்கள். பூனஹாவன் 12 ஐலாதான், அதில் பீட் புகை கிடையாது. ஆர்ட்மோர் ஐலா அல்ல, ஹைலேண்ட் என்ற மலைப்பகுதியைச் சேர்ந்தது, அதில் புகை உண்டு.

6. வாய்

முதல் மடக்கை எடை போடாதீர்கள், அது வாயைப் பழக்குவதற்கு. கொஞ்சமாக உறிஞ்சி, ஈறு முழுக்கச் சுற்றவிட்டு விழுங்கிவிடுங்கள். ஒரு நிமிடம் கழித்து இரண்டாவது மடக்கு. இதை மென்று தின்பது போல வாயில் பத்து, பதினைந்து விநாடி வைத்திருங்கள். பதத்தைக் கவனியுங்கள்: தண்ணீர் மாதிரி ஓடுகிறதா, எண்ணெய் மாதிரி ஒட்டுகிறதா? இனிப்பு முன்னால் வருகிறதா? நாக்கின் பின்பக்கம் கசப்போ துவர்ப்போ இழுக்கிறதா? விழுங்கியதும் வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை விடுங்கள், மோந்தபோது வராத வாசம் அப்போது வரும்.

பிறகு கடிகாரத்தைப் பாருங்கள். ருசி கால் நிமிடத்தில் மறைந்தால் குட்டை, ஒரு நிமிடத்தைத் தாண்டினால் நீளம். நீளமாக நிற்பதெல்லாம் நல்லது என்றும் இல்லை. நிற்பது கசப்பாக இருந்தால் அதையும் எழுதுங்கள்.

7. தண்ணீர்

"ராவாக அடிப்பவன்தான் ரசிகன்" என்ற பேச்சை இங்கே விட்டுவிடுங்கள். விஸ்கி கலப்பதையே தொழிலாகக் கொண்ட மாஸ்டர் பிளெண்டர்கள், சுமார் 20 சதவீதத்துக்குத் தண்ணீர் விட்டுத்தான் மோந்து பார்க்கிறார்கள். ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் 2017இல் வெளியிட்ட கணினி ஆய்வில், புகை வாசம் தரும் குவாயகால் மூலக்கூறு 45% ஆல்கஹால் வரை திரவத்தின் மேற்பரப்பை ஒட்டி நிற்பதும், 59 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹாலுக்குள் அமிழ்ந்துபோவதும் தெரிந்தது. வாசம் மேலே இருந்தால்தானே மூக்குக்கு எட்டும்.

முதலில் தண்ணீர் இல்லாமல் பாதி, பிறகு தண்ணீரோடு மீதி. 40 சதவீதச் சரக்குக்குச் சில சொட்டுகள் போதும். அதிகமானால் அட்டை மாதிரி சப்பென்று போய்விடும். தண்ணீர் கலக்காமல் பீப்பாயின் வீரியத்திலேயே பாட்டிலில் அடைத்தவற்றுக்குக் கணக்கு வேண்டும். 58% சரக்கு 25 மி.லி.யில் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. விட்டால் சுமார் 48%. இரண்டு டீஸ்பூன் விட்டால் சுமார் 41%. ஒரேயடியாக ஊற்றாமல் அரை டீஸ்பூனாக விட்டு, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் பொறுத்து மோந்து பாருங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசியில்லாத சிரிஞ்ச் இதற்கு வசதி. கிளாஸ்கோ குழாய்த் தண்ணீர் காட்ரீன் ஏரியிலிருந்து வருகிறது, மென்மையான தண்ணீர், அதுவே போதும். லண்டன் போன்ற கடின நீர் ஊர்களில் இருப்பவர்கள் பாட்டில் தண்ணீர் வாங்குங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் வேண்டாம், குளிர்ச்சி வாசத்தை அடைத்துவிடும்.

8. குறையைக் கண்டுபிடிப்பது

எரிந்த தீக்குச்சி, அவித்த முட்டை, ரப்பர் வாடை வந்தால் கந்தகம். ஷெர்ரி பீப்பாய்ச் சரக்கில் இதை அடிக்கடி பார்க்கலாம். சிலருக்கு அது கொஞ்சம் இருந்தால்தான் பிடிக்கும், எனக்கு ஆகாது. தேநீர்த்தூளை மென்றது போலத் துவர்த்தால் பீப்பாயில் அதிக நாள் கிடந்துவிட்டது. நனைந்த அட்டைப்பெட்டி வாடை என்றால் கார்க்கின் குறை, பாட்டிலைக் கடைக்கே எடுத்துப் போங்கள். பில் இருந்தால் மாற்றித் தருவார்கள். பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.

வீட்டில் பாட்டிலை நிமிர்த்தியே வையுங்கள். ஒயின் மாதிரி படுக்கவைத்தால் ஆல்கஹால் கார்க்கைத் தின்றுவிடும். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிய பாட்டிலை மாதக்கணக்கில் வைத்திருந்தால் ருசி தட்டையாகிவிடும். அப்படிப்பட்ட பாட்டிலை வைத்து மதிப்பெண் போடாதீர்கள், சின்னச் சீசாவுக்கு மாற்றுங்கள் அல்லது விருந்தாளிக்குக் கொடுங்கள்.

9. மதிப்பெண்

மூக்கு 25, வாய் 25, விழுங்கிய பின் நிற்கும் ருசி 25, சமநிலை 25 என்று நூற்றுக்குப் போடும் வழக்கம் பரவலாக உண்டு. புதியவருக்கு அது உதவாது என்பது என் கருத்து. பத்து, இருபது விஸ்கி பார்க்காதவர் போடும் 84க்கும் 87க்கும் என்ன அர்த்தம்? இரண்டை அருகருகே வைத்து எது மேல், ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். கூடவே விலையையும் எழுதுங்கள், 'இந்தக் காசுக்கு மறுபடி வாங்குவேனா' என்பதற்கு ஆமாம், இல்லை என்று ஒரு பதில். ஸ்காட்லாந்தில் 30 செப்டம்பர் 2024 முதல் ஒரு யூனிட் 65 பென்ஸுக்குக் கீழே விற்கக் கூடாது. 40 சதவீத 70 செ.லி. பாட்டிலில் 28 யூனிட், ஆக 18 பவுண்டு 20 பென்ஸுக்குக் கீழே எதுவும் கிடையாது. கிறிஸ்துமஸுக்கும் ஜூன் மாதத் தந்தையர் தினத்துக்கும் முன்னால் சூப்பர் மார்க்கெட்டில் விலை இறங்கும். பிடித்ததை அப்போது வாங்குங்கள்.

காலி கிளாஸைக் கழுவாமல் மூடி வைத்து மறுநாள் காலை மோந்து பாருங்கள். ஆல்கஹால் எல்லாம் போய், பீப்பாயும் பார்லியும் மட்டும் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். கிளென்டிரோனாக் கிளாஸில் திராட்சையும் பழைய மர அலமாரியும். லஃப்ராய்க் கிளாஸில் அணைந்த அடுப்பு. அந்த ஒரு வரியையும் குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

10. டிஸ்டில்லரிக்குப் போனால்

கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் ஆக்கன்டோஷன், கிளென்கோயின். எடின்பரோவுக்குப் பக்கத்தில் கிளென்கின்சி. சாதாரணச் சுற்று சுமார் 20 பவுண்டிலிருந்து ஆரம்பம், ஒன்றேகால் மணி நேரம் ஆகும். கோடைக்காலத்தில் ஒரு வாரம் முன்பே பதிவு செய்துவிடுங்கள். ஐலாவில் மே கடைசி வாரம் விஸ்கித் திருவிழா. அந்தச் சமயம் படகிலும் இடம் இல்லை, தங்கவும் இடம் இல்லை. மற்ற நாட்களில் கென்னக்ரெய்க் படகுத்துறையிலிருந்து ஐலாவின் போர்ட் எலனுக்குப் படகில் இரண்டேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. இறங்கி நடந்தால் லஃப்ராய்க், லகவூலின், ஆர்ட்பெக் மூன்றும் ஒரே பாதையில் வரிசையாக வரும், கார் தேவையில்லை.

கார் ஓட்டுபவர் ஒரு சொட்டும் தொடக் கூடாது. ஸ்காட்லாந்தில் வரம்பு 100 மி.லி. ரத்தத்துக்கு 50 மி.கி.; இங்கிலாந்தில் 80. இங்கிலாந்தில் தப்பிக்கும் அளவு இங்கே மாட்டிவிடும். ஓட்டுநர் என்று சொன்னால் பெரும்பாலான டிஸ்டில்லரிகளில் உங்கள் பங்கைச் சின்னச் சீசாவில் ஊற்றிக் கொடுப்பார்கள். கேளுங்கள், கேட்காமல் தர மாட்டார்கள்.

11. ஊருக்கு எடுத்துப் போக

விமானத்தில் 24 முதல் 70 சதவீதம் வரையுள்ள மது, சீல் உடைக்காத பாட்டிலில், ஒருவருக்கு 5 லிட்டர் வரை செக்-இன் பெட்டியில் போகலாம். 70 சதவீதத்துக்கு மேல் அனுமதியே இல்லை. துபாய், தோஹா வழியாக மாறிப் போகிறவர்கள் ஏர்போர்ட்டில் வாங்கிய பாட்டிலின் சீல் பையை நடுவில் பிரிக்காதீர்கள், மறு சோதனையில் பிடுங்கிவிடுவார்கள்.

இந்தியாவில் தீர்வை இல்லாமல் கொண்டுபோகும் அளவு ஒருவருக்கு 2 லிட்டர். 70 செ.லி. பாட்டில் மூன்று எடுத்தால் 2.1 லிட்டர், தாண்டிவிடும். இரண்டு பாட்டிலும், மீதி 600 மி.லி.க்கு ஒரு 50 செ.லி. பாட்டிலும் இரண்டு மினியேச்சரும் வைத்தால் கணக்கு சரியாக வரும்.